கசிவு நீரின் நிறம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மடக்கு ஸ்டூலையும் அட்டைப் பலகையையும் தூக்கிக்கொண்டு நீங்கள் ஏழெட்டுப் பேர் ஊருக்கு வெளியே வரையக் கிளம்புகிறீர்கள். போன வாரம் என்னையும் கூப்பிட்டீர்கள். முழங்கால் சம்மதிக்கவில்லை. வராததற்குப் பதிலாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் டீச்சர் என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். எழுதுகிறேன். எந்தத் தாள் வாங்குவது, எந்தத் தூரிகை நல்லது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

நான் ரிட்டயர் ஆகும் வரை ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. வீடு செல்லூரில். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் தமிழ். அப்பா நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர் என்பதால் நிறம் எனக்குப் புதிதில்லை. வானம்தான் புதிது. எங்கள் சந்தில் நிமிர்ந்து பார்த்தால் ஒரு சேலை அகலத்துக்குத்தான் வானம் தெரியும். வேலைக்குச் சேர்ந்த பிறகு லீவு நாட்களில் டவுன் பஸ் ஏறி, ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன். "எல்லாரும் லீவுன்னா தூங்குவாங்க, நீ வெயில்ல போய் உக்காருற" என்று என் வீட்டுக்காரர் எங்கள் பாஷையில் அலுத்துக்கொள்வார். பஸ் ஸ்டாப் வரை சைக்கிளில் கொண்டுவந்து விடுவதும் அவர்தான்.

மாட்டுத்தாவணிப் பக்கம் பூ மார்க்கெட் வந்த புதிதில் அங்கே ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். எதிரே ஒரு பெரிய மல்லிகைக் குவியல். வெள்ளை என்று நாம் சொல்லும் ஒன்றுக்குள் எத்தனை பச்சை, எத்தனை ஊதா என்று ரசித்து ரசித்து வரைந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பாதிக் குவியலைக் காணோம். இன்னும் கொஞ்ச நேரத்தில் வெறும் சாக்குதான் கிடந்தது. நான் விழிப்பதைப் பார்த்த வியாபாரி, "என்னக்கா, வேற மூட்டையக் கொட்டவா?" என்றார். அவர் கேலி பண்ணவில்லை, உண்மையாகவே உதவிக்குத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சாக்கையே வரைந்தேன். அதன் இழைகளில் ஒட்டியிருந்த ஏழெட்டு மொட்டோடு. இன்றும் என் வீட்டுக் கூடத்தில் தொங்குவது அந்தப் படம்தான்.

அன்றைக்கு அப்படிச் சிரிக்க முடிந்ததற்குக் காரணம், அதற்குச் சில வருஷம் முன்னால் நடந்த ஒரு காரியம். உங்களுக்குச் சொல்ல நினைத்தது அதைத்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி. தீபாவளி லீவோடு சனி, ஞாயிறும் சேர்ந்துகொண்டது. அதற்கு முந்திய பத்து நாளும் நல்ல மழை. காளவாசலில் பஸ் மாறி, நாகமலைப் பக்கம் நான் வழக்கமாகப் போகும் ஒரு கண்மாய்க்குப் போனேன். அதில் அரைக் கண்மாய்க்கு மேல் நான் தண்ணீர் பார்த்ததே இல்லை. அன்றைக்குக் கரையின் கழுத்து வரை நிறைந்து, உள்ளே நின்ற கருவேல மரங்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. கரைக்குக் கீழே வயல்களில் நடவு முடிந்து, நாற்று அப்போதுதான் வேர் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் கரைக்குக் கீழே, வயல் ஓரத்தில் ஒரு கல்லில் இடம் பிடித்தேன். அங்கிருந்து பார்த்தால் கரை, கரைமேல் வரிசையாகப் பனைகள், அதற்குப் பின்னால் நாகமலை. கண்மாய் நிறைந்தால் கரையடியில் லேசாகத் தண்ணீர் கசியும். அப்படிக் கசிந்த தண்ணீர் ஒரு பாய் விரித்த அளவுக்கு எனக்கு முன்னால் தேங்கி நின்றது. அதில் வானம் விழுந்து கிடந்தது. படத்துக்கு அதுதான் உயிர் என்று பார்த்தவுடனே முடிவு பண்ணிவிட்டேன். மூன்று நாள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், மூன்று தாள் வரைவது என்று திட்டம்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த இடத்தை வரைகிறேனோ அந்த இடத்துத் தண்ணீரில்தான் நிறம் கரைப்பேன். கண்மாயை வரைந்தால் கண்மாய்த் தண்ணீர், வைகையை வரைந்தால் வைகையில் ஓடும் கொஞ்சநஞ்சத் தண்ணீர். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கோயிலுக்குப் போனால் அங்கே கொடுக்கிற தீர்த்தத்தைத்தானே கையில் வாங்குகிறோம். அந்த மாதிரி. படம் நான் மட்டும் வரைவதில்லை, அந்த இடமும் கூட இருந்து வரைகிறது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. ஆனால் நம்பிக்கை வேறு, நடப்பு வேறு என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

முதல் நாள் அந்தக் கசிவுத் தண்ணீரைத்தான் தம்ளரில் மொண்டேன். குடிக்கலாம் போல இருந்தது. நான் வரைந்துகொண்டிருக்கும்போது தோளில் மண்வெட்டியோடு ஒச்சண்ணன் வந்தார். அந்தக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி அவர். மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. ஐம்பது வயதிருக்கும். பல வருஷப் பழக்கம்.

"என்ன டீச்சர், எம்புட்டு நாளாச்சு வந்து. கண்மாய் நெறஞ்சாத்தான் வருவீகளோ?"

"நெறஞ்ச கண்மாய் யாருக்குத்தான் பிடிக்காது அண்ணே?"

"நல்லா வரைஞ்சு வச்சுக்கங்க. இம்புட்டுத் தண்ணி இனிமே எப்ப வருமோ." சொல்லிவிட்டுக் கரையேறிப் போனார்.

இரண்டாம் நாளும் தண்ணீர் தெளிவு. இரண்டு தாளும் எனக்குத் திருப்தி.

மூன்றாம் நாள் போகும்போது வானம் நன்றாக வெளுத்திருந்தது. முந்திய இரண்டு நாளையும் விட அழகான நீலம். உட்கார்ந்து தம்ளரை மொண்டேன். தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. தம்ளரைச் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்துக்கொண்டு கொட்டிவிட்டு மறுபடி மொண்டேன். அதே கலங்கல். சரி என்று வானத்துக்கு நீலம் கரைத்தேன். தாளில் பூசியதும் நீலம் செத்துப்போய், மண் துகள் துகளாக உட்கார்ந்தது. எரிச்சலோடு அந்தத் தாளை உருவிக் கீழே போட்டேன். தம்ளரைக் கொட்டிவிட்டு, என் பழக்கத்தை அன்றைக்கு மட்டும் விட்டுக்கொடுத்து, குடிப்பதற்குக் கொண்டுபோன பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். வேறு தாளில் வானம் பளிச்சென்று வந்தது.

பிறகு அந்தத் தேங்கிய தண்ணீரை வரைய வேண்டிய இடம். எதிரே பார்த்தேன். டீத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. ஆனால் படத்துக்கு அங்கே நீலம் வேண்டும். இரண்டு நாளாக நீலம் வைத்துப் பழகிய கை வேறு. நீலமே வைத்தேன்.

முடித்துவிட்டு மூன்று தாளையும் கல்லின்மேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் மூன்றாவதுதான் அழகாக இருந்தது. ஈரம் காய்வதற்காகக் காத்திருந்தேன். காத்திருக்கும்போது பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் எதிரே இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. மேலே இவ்வளவு நீலம் இருக்கிறது. கீழே தண்ணீர் அதை வாங்கிக் காட்டவில்லை. அப்படியானால் அந்தப் பழுப்பு வானத்திலிருந்து வந்ததில்லை, தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது. மழை பெய்து கலங்கியதா என்றால் நேற்றிலிருந்து ஒரு சொட்டு மழை இல்லை. எழுந்து போய்க் கரையடியில் குனிந்து பார்த்தேன். கசிவு வரும் இடத்தில், கொதிக்கும் உலை மாதிரி மண் மெல்லப் புரண்டு புரண்டு மேலே வந்துகொண்டிருந்தது.

கரையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் இது சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. காலையில் முதல் தம்ளரிலேயே அது எனக்குச் சொல்லியிருக்கிறது. நான் கொட்டிவிட்டேன். தாளில் மண்ணாக வந்து உட்கார்ந்து சொல்லியிருக்கிறது. உருவிப் போட்டேன். கண்ணெதிரே பழுப்பாக நின்று சொல்லியிருக்கிறது. அதன்மேல் நீலத்தைப் பூசினேன்.

என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் நின்றேன். ஊருக்குள் ஓடிக் கரை உடையப்போகிறது என்று சத்தம் போடலாம். கேட்கிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள், ஒன்றும் இல்லை என்று ஆனால் பட்டணத்துப் பொம்பளை ஊரைக் கலைத்தாள் என்று பேச்சாகும். பேசாமல் பஸ் ஏறவும் முடியாது. அந்தக் கரைக்கு நேர் கீழே உள்ள வயலில், அங்கே போகும்போதெல்லாம் எனக்குப் பழக்கமான மொக்கத்தாய் தனியாகக் களை பறித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சொந்த வயல் அது.

முதலில் அவளை அங்கிருந்து கிளப்ப வேண்டும் என்று தோன்றியது. "மொக்கத்தாய், ஒச்சண்ணன் எங்க இருப்பாரு? அவசரமாப் பாக்கணும், கொஞ்சம் கூட வாயேன்" என்றேன். அவள் காரணம் கேட்காமல் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். நான் மூன்று தாளையும், கீழே உருவிப் போட்ட தாளையும் எடுத்துக்கொண்டேன்.

உபரித் தண்ணீர் வெளியேறும் கலிங்குப் பக்கம் ஒச்சண்ணன் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அந்த ஊத்தா? எங்க அப்பா காலத்துல இருந்து கசியிது டீச்சர். கண்மாய் நெறஞ்சா அப்பிடித்தான்."

"கசியறதைச் சொல்லல அண்ணே. தண்ணி நெறம் மாறியிருக்கு." தாள்களைக் காட்டினேன். "இது முந்தாநாள். இது நேத்து."

இரண்டையும் வாங்கிப் பார்த்தார். மூன்றாவதையும் பார்த்தார். "இது இன்னைக்கா? இதுலயும் நீலமாத்தான இருக்கு?"

என் தொழில் வாழ்க்கையிலேயே அவ்வளவு கூச்சப்பட்டது கிடையாது.

"அதுல நான் பொய்யா வச்சுட்டேன் அண்ணே. அழகுக்காக." கடைசித் தாளை நீட்டினேன். "இதுதான் இன்னைக்கு அந்தத் தண்ணியில கரைச்சது."

அவர் அந்த நீலத்தின்மேல் விரலை வைத்துத் தேய்த்தார். விரலில் மண் ஒட்டியது. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர் கரையடிக்குப் போய், உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி, கட்டை விரலால் நெருடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெளிஞ்ச தண்ணி வந்தா பயமில்ல. இது கரையோட மண்ணு. உள்ளுக்குள்ள அரிக்கிது."

கரையேறி நின்று துண்டை வீசி ஆட்களைக் கூப்பிட்டார். ஒருவரைக் கலிங்கில் அடைத்திருந்த பலகைகளை எடுக்க அனுப்பினார். பிறகு மொக்கத்தாயிடம் திரும்பினார்.

"ஆத்தா, மடையை முழுசாத் தொறக்கணும். தண்ணி உன் வயலு மேலதான் பாயும்."

"நட்டு ஒம்பது நாள்தான ஆகுது" என்றாள் அவள்.

"தெரியும்த்தா. கண்மாயில தண்ணி எறங்காம இதை அடைக்க முடியாது."

அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "டீச்சர், கரை ஒடஞ்சுருமா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் வேலை சுலபம். எனக்கும் சுலபம். ஆனால் அன்றைக்கு ஒரு பொய் ஏற்கெனவே வைத்திருந்தேன்.

"அது எனக்குத் தெரியாது மொக்கத்தாய். ரெண்டு நாளா இந்தத் தண்ணியிலதான் கலர் கரைச்சேன், தெளிவா இருந்துச்சு. இன்னைக்குக் கரைக்க முடியல. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

தன் வயலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "தொறங்கண்ணே" என்றாள்.

மடை திறந்ததும் பாய்ந்த தண்ணீரில் அந்தப் பச்சை முழுவதும் மூழ்கியதை நான் பார்த்தேன். அதைப் பற்றி நீளமாக எழுத எனக்கு மனசு வரவில்லை.

ஆட்கள் வைக்கோலும் பனையோலையும் களிமண்ணும் கொண்டுவந்தார்கள். கண்மாய்க்குள்ளே, கரையை ஒட்டி, தண்ணீர் ஒரு இடத்தில் சின்னதாகச் சுழித்துக்கொண்டிருந்ததை ஒருவர் கண்டுபிடித்தார். ஒச்சண்ணன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அங்கே இறங்கினார். கயிற்றை மேலே நாலு பேர் பிடித்திருந்தார்கள். காலால் துழாவித் துழாவி, "இந்தா, காலை இழுக்குது" என்றார். மேலிருந்து கொடுத்ததை எல்லாம் மிதித்து மிதித்து உள்ளே செருகினார். வெளிப்பக்கம் மண் புரண்ட இடத்தில் மற்றவர்கள் மணலும் சரளையும் போட்டு மூட்டை அடுக்கினார்கள்.

தண்ணீருக்குள் இறங்கும் முன் ஒச்சண்ணன் என்னிடம் ஒரு வேலை கொடுத்திருந்தார். "டீச்சர், நீங்க எங்கயும் போகாதீக. ஊத்துத் தண்ணியப் பாத்துக்கிட்டே இருங்க. நெறம் கூடுதா கொறையிதான்னு சத்தமாச் சொல்லுங்க. கீழ எனக்குத் தெரியாது."

அந்தக் கசிவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சில நிமிஷத்துக்கு ஒரு தரம் தம்ளரில் மொண்டு, பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். முதலில் செங்கல் பொடி கரைத்த மாதிரி இன்னும் கெட்டியானது. "கூடுது" என்றேன். மேலே வேலை வேகமானது. பிறகு டீத்தண்ணீர். அப்புறம் வெகுநேரம் மாற்றமே இல்லை. வெயில் உச்சிக்கு வந்தபோது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆனது. "கொறையுது அண்ணே" என்றேன். மத்தியானம் கழிந்து, தம்ளருக்குப் பின்னால் பிடித்த தாளில் நான் பென்சிலால் போட்டிருந்த கோடு தெரிந்தது.

"தெளிஞ்சிருச்சு" என்று சொன்னேன். ஒச்சண்ணன் மேலே ஏறிவந்து, கரையில் அப்படியே மல்லாந்து படுத்துவிட்டார்.

பிள்ளைகளே, பல வருஷம் வெளியே உட்கார்ந்து வரைந்திருக்கிறேன். பரிசு வாங்கிய படம் உண்டு, பெரிய ஆட்கள் வீட்டில் தொங்கும் படம் உண்டு. அன்றைக்கு ஒரு கோடும் போடாமல் தம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதுதான் என் வேலையை நான் முழுசாகச் செய்த நாள். இயற்கையோடு சேர்ந்து வரைகிறோம் என்று நீங்களும் சொல்கிறீர்கள், பேட்டிகளில் படிக்கிறேன். நானும் அப்படித்தான் தண்ணீரை மொண்டு கும்பிட்டுக்கொண்டிருந்தேன். சேர்ந்து செய்வது என்றால், அது சொல்வது நம் படத்தைக் கெடுத்தாலும் கேட்டுக்கொள்வது. இரண்டாம் நாள் வந்த அழகு மூன்றாம் நாளும் வரவேண்டும் என்று நினைக்கும்போதுதான் கண் மூடிக்கொள்கிறது. கண் திறந்திருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அப்படி ஒரு சந்தேகம் வந்தால் தாளைக் கீழே வைத்துவிட்டு, ஈரம் காயும் நேரம் வரை சும்மா எதிரே பாருங்கள். நான் தப்பித்தது அதனால்தான்.

தண்ணீர் குறைந்த பிறகு, பல வருஷத்துக்கு முன் விழுந்த ஒரு பனையின் வேர் உள்ளே மக்கிக் குழாய் போல ஆகியிருந்ததைக் கண்டுபிடித்துக் கெட்டித்ததாக, பிறகு ஒரு நாள் டவுனுக்கு வந்த ஒச்சண்ணன் சொன்னார். நான் அந்தப் பக்கம் உடனே போகவில்லை. மொக்கத்தாய் முகத்தில் விழிக்கத் தயக்கமாக இருந்தது. கரை உடைந்திருக்குமா, தானாகவே நின்றிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் பயிர் போனது மட்டும் நிச்சயம். மற்ற வயல்களில் மீந்த நாற்றை வாங்கி அவள் மறுபடி நட்டதாக ஒச்சண்ணன் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

தை மாதம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். கரைமேல் உட்கார்ந்து கீழே விளைந்து கிடந்த வயல்களை வரைந்துகொண்டிருந்தேன். அறுப்புக்கு வந்த பெண்களில் ஒருத்தி பிரிந்து கரையேறி வந்தாள். மொக்கத்தாய்தான். என் தோளுக்குப் பின்னால் நின்று படத்தைப் பார்த்தாள். நான் தூரிகையை நிறுத்திவிட்டேன்.

"இதுல என் வயலு எது?"

காட்டினேன்.

"மஞ்சளாப் போட்டிருக்கீக."

"எல்லாம் பழுத்துக் கெடக்கே" என்றேன்.

"என்னுது மறுநடவுல்ல. பிந்தி நட்டது பிந்தித்தான பழுக்கும். நல்லாப் பாருங்க டீச்சர்."

பார்த்தேன். பொன்னாகக் கிடந்த வயல்களுக்கு நடுவில், கரையடியில் அந்த ஒரு வயலில் மட்டும் கதிர் வந்தும் பச்சை போகாமல் இருந்தது. ஈரத் தூரிகையால் மஞ்சளை ஒற்றி எடுத்தேன். வெளுத்த இடத்தில் பச்சையை வைத்தேன். அவள் குனிந்து, கீழே ஒரு தரம் பார்த்தாள், தாளில் ஒரு தரம் பார்த்தாள்.

"ஆங், இப்பத்தான் அது என் வயலு" என்று சொல்லிவிட்டு, கதிர் அரிவாளை எடுத்துக்கொண்டு பக்கத்து வயல் அறுப்புக்கு இறங்கிப் போனாள்.